சர்வீஸ் கோட்டில் விழுந்த நிழல்

விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மலையிறங்கி இரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்திரண்டு வயதுக்காரன் தன்னை ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வாலிபாலைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் பெண்கள் அணிக்குப் பகுதிநேரப் பயிற்சியாளனாக இருந்தேன். இப்போது அதே மாதிரி வேலைக்கு மலையேறப்போகும் நீங்கள், சர்வீஸ் சொல்லித்தருவது பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள்.

கையை எங்கே வைப்பது, காலை எப்படி எடுப்பது என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே கிடக்கிறது. நான் கவனத்தைப் பற்றி எழுதுகிறேன். சர்வீஸில் கவனம்தான் எல்லாம் என்று முழுசாக நம்பியவன் நான். அந்த நம்பிக்கையால் கோகிலா என்ற பிள்ளைக்கு வலக்கண் போனது. அறுவை சிகிச்சை செய்தும், இன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். அது எப்படி நடந்தது என்று சொல்வதைவிட உபயோகமான எதுவும் என்னிடம் இல்லை.

எனக்குக் கவனத்தைப் பற்றிச் சொல்லித்தந்தவர் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்த ஒருவர். பெயர் வேண்டாம். கீழே பத்து நாள் நடந்த வகுப்பில் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். நடுவர் விசில் ஊதியதிலிருந்து எட்டு நொடிக்குள் பந்தை அடிக்க வேண்டும். வாலிபாலில் மற்ற எல்லா அடியும் யாரோ அனுப்பிய பந்துக்கு நாம் தரும் பதில். சர்வீஸ் ஒன்றுதான் முழுக்க நம் கையில் இருப்பது. எதிராளி குறுக்கே வரமுடியாது, கூட இருப்பவள் கெடுக்கமுடியாது. "அப்படியும் ஒருத்தன் தப்பாப் போடறான்னா கைய சந்தேகப்படாத, கவனத்த சந்தேகப்படு" என்றார்.

அது எனக்குப் பொருந்தி வந்தது. கல்லூரியில் ஆடியபோது ஒரு பயிற்சியாளர் ஆட்டத்தின் நடுவே முழங்கை இறங்குகிறது என்று கத்தினார். அதுவரை நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த நான் முழங்கையை நினைக்க ஆரம்பித்தேன். அடுத்த மூன்று சர்வீஸும் நெட்டில். முழங்கையை நினைத்தவனுக்கு முழங்கை கெடும். பந்து விழ வேண்டிய இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தூக்கிய பின் பந்தை மட்டும் பார்த்தால் முழங்கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இதை இன்றும் சொல்வேன், இது சரியான பாடம்தான். என் பிள்ளைகளிடம் கை, கால் என்று பேசுவதை நிறுத்தினேன். பார்வை எங்கே, மனசு எங்கே என்று மட்டும் கேட்டேன். இரண்டே வருஷத்தில் எங்கள் அணியின் சர்வீஸைப் பார்த்துக் கீழே இருந்து வரும் அணிகள் பயந்தன.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நோட்டில் எழுதியது ஒருமுறை பலித்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு அது சாமி வாக்கு மாதிரி ஆகிவிடுகிறது. உங்களில் பாதிப் பேர் என்னைப்போல் வந்தவர்கள் என்பதால் சொல்கிறேன்.

கோகிலா எடப்புளி நாட்டுப் பக்கத்துப் பிள்ளை, பத்தாம் வகுப்பு; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். அப்பா போர்வெல் லாரியில் வடக்கே போயிருந்தார். அம்மா குச்சிக்கிழங்குக் காட்டையும் கொஞ்சம் மிளகையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவான பிள்ளை. ஆனால் சர்வீஸ் போடப் பின்கோட்டுக்குப் போய் நின்றாளானால் எதிர்ப்பக்கம் ஆறு பேரும் குனிந்து நிற்பார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் தடுப்புப் பயிற்சியின்போது எதிரே இருந்தவள் அடித்த ஸ்மாஷ் கோகிலாவின் கைகளுக்கு நடுவே புகுந்து வலக்கண்ணில் பட்டது. வீங்கியது. தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து ஒற்றவைத்தேன். நான்கு நாளில் வீக்கம் வடிந்தது, வாரத்தில் சிவப்பும் போனது. அடித்தவள் தினமும் ஒரு கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் கழித்து அவளுடைய சர்வீஸ் கெடத் தொடங்கியது. பந்தைத் தூக்குவாள், கை வரும், ஆனால் பந்தின் நடுவில் படாமல் ஓரத்தில் படும். ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்.

"பந்த மேல போட்டா நெழலு உழுகுதுங்க சார்."

இந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். எங்கள் மைதானத்தின் மேற்குப் பக்கம் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும், மேலெல்லாம் மிளகுக்கொடி. நான்கு மணிக்குமேல் அந்த மரங்களின் நிழல் பட்டை பட்டையாகப் பின்கோட்டில் விழும். சர்வீஸ் தப்பினால் எல்லாப் பிள்ளைகளும் சொல்லும் சாக்கு அது. நெழலு உழுகுதுங்க சார். அதற்கு என்னிடம் எப்போதும் இருந்த பதில், நெழலு உழுந்தா உழட்டும், பந்து உன் கைலதான இருக்குது என்பது. ஏழு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. கோகிலாவிடமும் அதையே சொன்னேன். அவளும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நானும் இந்த மலையில் பிறந்தவன். பெரக்கரை நாட்டுக்காரன். அவர்கள் பேச்சு என் பேச்சு. கீழேயிருந்து வந்த ஒருவராக இருந்தால் "நிழலா, என்ன நிழல்?" என்று கேட்டிருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டேன்.

சர்வீஸ் இன்னும் மோசமானது. கைப்பேசியில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். பந்து மேலே போனதும் அவள் முகம் வலப்பக்கம் திரும்புவது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பியது. மைதானத்துக்கு வலப்பக்கம் ரோடு. சாயங்காலம் பஸ் போகும், பையன்கள் வண்டியில் போவார்கள். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பார்வை எங்கே, மனசு எங்கே. பதில் படத்திலேயே இருக்கிறதே.

அந்தப் படத்தை மற்ற பிள்ளைகளுக்கும் காட்டினேன். அது நான் செய்த இன்னொரு தப்பு. அன்றிலிருந்து அவள் பின்கோட்டுக்குப் போனாலே யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள்.

"பந்து இங்க இருக்குது புள்ள. ரோட்டுல என்ன, மாமன் வாரானா?"

"மாமன் நாளைக்குத்தான் வாரானாம். இன்னைக்குப் பந்தப் பாருடி."

கோகிலா கோபப்படவில்லை. மாமன் வந்தா உனக்கும் ஒருத்தனக் கூட்டியாரச் சொல்றேன் என்று ஒருநாள் திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஒரு கண் சரியாகத் தெரியாதவர்கள் நல்ல கண்ணை நடுவுக்குக் கொண்டுவர முகத்தைத் திருப்புவார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் நோட்டில் அது இல்லை.

தலை திரும்பாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். துண்டைச் சுருட்டி அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டி, தாடை அதில் படும்படி நிற்கவைத்தேன். தினமும் ஐம்பது சர்வீஸ். முகம் நேராக இருந்தது. பந்துதான் எங்கெங்கோ போனது. பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். துண்டை அவிழ்க்கும்போது கழுத்தில் சிவப்பாகத் தடம் இருந்தது. இரண்டு வாரம் இப்படி நடந்தது. அந்த இரண்டு வாரத்தில் மூன்று தடவையாவது நிழல் விழுகிறது என்று சொன்னாள்.

ஐப்பசியில் மாவட்டப் போட்டி. ராசிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். அரையிறுதி. முந்தின நாளெல்லாம் மழை பெய்து, அன்று காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு செட். பதினைந்து புள்ளிக்கு ஆடும் மூன்றாவது செட்டில் எதிரணி பதினான்கு, நாங்கள் பதின்மூன்று. சுற்று முறைப்படி சர்வீஸ் கோகிலாவுக்கு வந்தது. தவறினால் ஆட்டம் முடிந்தது. என்னிடம் ஒரு இடைவேளை மிச்சம் இருந்தது, மாற்று ஆட்டக்காரியும் இருந்தாள். இடைவேளை கேட்டேன். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். கோகிலா என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துச் சொன்னாள்.

"நெழலு ரொம்ப உழுகுதுங்க சார். வேற ஆள வுடுங்க."

சூரியனே இல்லாத நாள். மைதானத்தைச் சுற்றி ஒரு மரம்கூடக் கிடையாது. என் தலைக்குமேல் இருந்த வானமே அவள் சொல்வது வேறு நிழல் என்று காட்டிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் நின்று யோசிக்க எனக்கு முப்பது நொடி இருந்தது. நான் யோசித்தது வேறு. இப்போது இவளை மாற்றினால் பயம் ஜெயித்துவிடும், அப்புறம் எப்போதுமே சர்வீஸ் போடமாட்டாள் என்று நினைத்தேன். அவள் கன்னத்தில் தட்டிச் சொன்னேன்.

"நெழலே இல்ல கண்ணு. வெயிலே இல்லயே, நெழலு எங்கிருந்து வரும்? எல்லாம் மனசுலதான் இருக்குது. பந்த மட்டும் பாரு."

அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். அதன் அர்த்தம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. நிழல் இல்லை என்று நான் சொன்னதால், அது தன் மனசில் இருப்பதாக அந்தப் பிள்ளை அந்த நிமிஷம் நம்பிவிட்டாள்.

விசில் ஊதியது. பந்தைத் தூக்கினாள். துண்டு இல்லாமலேயே முகத்தை நேராக வைத்துக்கொண்டாள், எனக்காக. கை முழு வேகத்தில் வந்து பந்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றை அடித்தது. பந்து அவள் நெற்றியில் பட்டுத் தரையில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அது சிரிக்கும் விஷயம் இல்லை என்று இப்போது தோன்றலாம், ஆனால் பார்த்தவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தார்கள். முள்ளுக்குறிச்சி தாண்டி மலையேறத் தொடங்கியபோது முன்சீட்டில் இருந்த கோகிலாவைப் பார்த்தேன். திரும்பி உட்கார்ந்து, ஒரு உள்ளங்கையால் இடக்கண்ணை மூடினாள். எடுத்தாள். வலக்கண்ணை மூடினாள். என்னைப் பார்த்துக்கொண்டே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"இந்தக் கண்ணுல பாத்தா உங்களுக்குத் தலை இல்லீங்க சார். இந்தக் கண்ணுல இருக்குதுங்க."

பின்னால் இரண்டு பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. கோகிலாவும் லேசாகச் சிரித்தாள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"நாந்தான் சொன்னேனுங்களே சார். மேலிருந்து நெழலு உழுகுதுன்னு. மொதல்ல கொஞ்சூண்டு இருந்துச்சுங்க. இப்பப் பாதிக்கு வந்துருச்சு."

வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. அங்கேயே இறங்கி அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டுமா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். மற்ற பதினொரு பிள்ளைகளை வீட்டில் சேர்க்க வேண்டும், அவள் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். காலையில் முதல் வேலையாகப் போவதென்று முடிவு செய்தேன். அந்த ஓர் இரவு வித்தியாசம் எதுவும் செய்யவில்லை என்று மருத்துவர் பின்னால் சொன்னார். வித்தியாசம் செய்தது முந்தின ஆறு வாரம்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கவனம் பற்றி நான் கற்றது பொய் இல்லை. கவனம் சிதறினால் சர்வீஸ் கெடும். ஆனால் சர்வீஸ் கெட்டால் கவனம்தான் சிதறியது என்று ஆகாது. பிள்ளை பந்தைத் தவறவிட்டால் திட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் போங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் விரல்களை எண்ணு என்று சொல்லுங்கள், பிறகு இன்னொரு கண்ணை. ஒரு நிமிஷம்கூட ஆகாது. முகத்தில் அடி பட்டிருந்தால் வீக்கம் வடிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள். அவர்கள் ஒரே சாக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அது சாக்காகவே இருந்தாலும், புதிதாகக் கேட்பதுபோல் கேளுங்கள்.

காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா காட்டில் இருந்தார். மண் ஒட்டிய கையோடு வந்தவரிடம், கண்ணில் ஏதோ கோளாறு மாதிரி இருக்கிறது, காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கையைக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

கீழே நகரத்தில் ஒரு கண் மருத்துவமனை. கண்ணில் சொட்டுமருந்து விட்டு உட்காரவைத்து, மதியத்துக்குமேல் பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். வெகுநேரம் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளே பின்னால் இருக்கிற திரை உரிந்துபோய்விட்டது என்றார். அடி பட்டதில் ஓரமாகக் கிழிந்து மெதுவாக உரிந்திருக்கிறது. நிழல் தெரிய ஆரம்பித்தபோதே வந்திருந்தால் நிலைமை வேறு, இப்போது நடுப்பகுதியும் உரிந்துவிட்டது, அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார். பிறகு கோகிலாவிடம் கேட்டார்.

"இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"இல்லீங்க மேடம்" என்றாள் கோகிலா. "யாருட்டயும் சொல்லலீங்க."

நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அப்போது என்ன நினைத்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அவள் சொல்லவில்லை என்றால் நான் கேட்காமல் விட்டதும் இல்லை என்று ஆகிவிடும். வேலை தப்பும், பேரும் தப்பும். யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளை எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, அதன் வழியாகப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். எட்டு நொடி இல்லை, அதைவிட நிறைய நேரம் அப்படியே நின்றேன்.

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா மகளின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். ஊட்டுல ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன, வாயிலென்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த என்று கேட்டார். இன்னொரு அடி. கோகிலா அழாமல், வலக்கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தடவை கை ஓங்கியபோது அதைப் பார்க்கமுடியாமல் சொன்னேன்.

"அவ சொன்னாளுங்க. எங்கிட்டச் சொன்னா. நாலஞ்சு தடவ சொன்னா. நெழலு உழுகுதுன்னா. நாந்தான் மரத்து நெழலுன்னு நெனச்சுட்டேன்."

ஓங்கிய கை அப்படியே நின்று, மடியில் இறங்கியது. என்னைப் பார்த்துக் கத்துவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"எந்த நெழலுன்னு கேட்டீங்களா சார்?"

"கேக்கலீங்க."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "அப்பறம் ஏண்டி சொல்லலைன்ன?"

"சொன்னா சார வேலைய விட்டு அனுப்பிச்சுருவாங்கம்மா" என்றாள். "அப்பறம் வெளையாட்டு ரூமத் தொறந்து பந்து யாரு குடுப்பா?"

அந்த நிமிஷத்திலும் அவள் அடுத்த சர்வீஸை நினைத்துக்கொண்டிருந்தாள். செவிலிப் பெண் ஒருவர் வந்து, அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தாள், படித்துப் பார்த்து இங்கே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும் என்று சொல்லி மைப்பெட்டியையும் இரண்டு தாள்களையும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோகிலாவிடம் நீட்டப் போனவர், சொட்டுமருந்தால் அவளுக்கு எந்தக் கண்ணிலும் எழுத்து தெரியாது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"படிங்க சார். ஒரு எழுத்து உடாமப் படிங்க."

படித்தேன். தெரியாத சொல் வந்தபோதெல்லாம் நிறுத்தி, அப்படின்னா என்ன என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னேன், செவிலியைக் கூப்பிட்டுக் கேட்டு வந்து சொன்னேன். முதல் தாள் முடிந்து இரண்டாவது தாளின் நடுவில் ஒரு வரி வந்தது. இந்தச் சிகிச்சைக்குப் பின்னும் பார்வை திரும்பும் என்று உறுதி கூற இயலாது என்பதை நான் அறிவேன்.

கட்டை விரலை மையில் வைத்திருந்தவர் எடுத்துவிட்டார்.

"அத இன்னொருக்காப் படிங்க."

படித்தேன்.